வெட்சூட் ஒன்றும் சைக்கிள் ட்யூப் அல்ல

பெங்களூருவின் தெற்கு ஓரத்தில், ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி வரும் சந்தாபுராவுக்கும் கடலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் மழைக்காலம் முடிந்ததும் முருடேஷ்வர் போய் நேத்ராணித் தீவருகே ஸ்கூபா டைவ் அடிப்பவர்கள், புதுச்சேரிக்கும் அந்தமானுக்கும் போய் வருபவர்கள் பெங்களூருவில் நிறையவே உண்டு. அவர்களில் சொந்தமாக வெட்சூட் வைத்திருப்பவருக்கு வரும் தலைவலி ஒன்றுதான். பல மாதம் அலமாரியில் கிடந்த உடையை வெளியே எடுத்தால் முழங்காலிலோ அக்குளிலோ ஒரு கீறல் தெரியும். அதைச் சரிசெய்யும் கடை பக்கத்தில் இருக்காது. சாலை நெடுக இருப்பவை பஞ்சர் கடைகள். ஆகவே ஓட்டையைக் கண்டுபிடித்து, ட்யூபுக்குப் போடுவதுபோல் ஒட்டுப் போட்டு, தண்ணீர் புகாமல் அடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற யோசனைதான் முதலில் தோன்றுகிறது. இந்த விஷயத்தில் உலவும் தவறான நம்பிக்கைகள் எல்லாமே இந்த ஒரு யோசனையிலிருந்து கிளைத்தவை. ட்யூப் காற்றைப் பிடித்து வைக்க வேண்டும், அதனால் ஊசிமுனை ஓட்டைகூட அதற்கு ஆகாது. வெட்சூட் எதையும் பிடித்து வைப்பதில்லை.

வெட்சூட்டுக்குள் புகும் மெல்லிய நீர்ப்படலத்தை உடம்பு சூடாக்கும், அந்தச் சூடான நீர்தான் குளிரைத் தடுக்கிறது என்று படகிலேயே சொல்லிக் கொடுப்பார்கள். இது பாதி உண்மை. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் பொருள்; அதைப் போர்வையாக நம்ப முடியாது. 1951-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் அமெரிக்கக் கடற்படை முக்குளிப்பாளர்களுக்காக இந்த உடையை யோசித்த இயற்பியலாளர் ஹியூ பிராட்னருக்கு இது தெளிவாகத் தெரிந்திருந்தது. ஆள் நனையாமல் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, துணிக்குள் அடைபட்ட வாயுக் குமிழ்கள் இருந்தால் போதும் என்பதுதான் அவர் கண்டது. நுரை நியோப்ரீனைப் பயன்படுத்தலாம் என்ற யோசனை பொறியாளர் வில்லார்ட் பாஸ்கமிடமிருந்து வந்தது. குமிழ்கள்தான் சூட்டைக் காக்கின்றன என்பதற்குக் கடலுக்குள்ளேயே சான்று இருக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகும். நுரைக்குள் இருக்கும் குமிழ்கள் நசுங்கி, உடை மெலிந்து, குளிர் அதிகமாக உறைக்கும். உள்ளே இருக்கும் நீர்ப்படலமோ மாறுவதில்லை. சூட்டைக் காப்பது எது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

அப்படியானால் கீறலை ஏன் சரிசெய்ய வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உள்ளே இருக்கும் நீர் நகராதவரை பிரச்சினை இல்லை. அக்குளில் கிழிசல் இருந்தால், கையை அசைக்கும் ஒவ்வொரு முறையும் சூடேறிய நீர் வெளியேறிப் புதுக் குளிர்நீர் உள்ளே வரும். இந்த ஓட்டத்தைத்தான் நிறுத்த வேண்டும். அதோடு, நியோப்ரீன் நுரை வெட்டுப்பட்ட இடத்திலிருந்து மேலும் கிழியும் குணம் கொண்டது. ஆக, பிரிந்த இரண்டு விளிம்புகளை மறுபடி சேர்த்துப் பிடிக்க வைப்பதுதான் வேலை. சொட்டு நீரும் புகாமல் அடைப்பது அல்ல. இது புரியாமல்தான் சிலர் தையல் முழுக்க சிலிகான் சீலன்ட்டைப் பூசுகிறார்கள். நம் வெதுவெதுப்பான கடல்களுக்கு விற்கப்படும் 3 மில்லிமீட்டர் உடைகளில் பெரும்பாலானவை ஃபிளாட்லாக் தையல் கொண்டவை. அதில் ஊசி துணியை முழுக்கத் துளைத்துச் செல்கிறது, வழிநெடுக ஓட்டைகள். தயாரிப்பாளரே கசியவிட்ட இடத்தை நாம் அடைத்தால் தையல் விறைத்துப் போவதும் தோளில் உராய்வதும்தான் பலன். குளிர்கடலுக்கான தடித்த உடைகளில் தையலை ஒட்டி, அடைத்துத்தான் தருகிறார்கள். அது வேறு கணக்கு.

பசை விஷயத்துக்கு வருவோம். ஃபெவிகுவிக் போன்ற உடனடிப் பசை நொடியில் பிடிக்கிறதே என்பார்கள். பிடிக்கும், ஆனால் கண்ணாடிபோல் இறுகிவிடும். நியோப்ரீன் இழுபட்டு நீளும் பொருள். முழங்காலை இரண்டு முறை மடக்கினால் பசை நொறுங்கும், அல்லது அதன் கூரான ஓரத்திலிருந்தே புதுக் கிழிசல் தொடங்கும். சாதாரண வெள்ளை ஃபெவிகால் தண்ணீரில் ஊறினால் இளகும். பஞ்சர் சொல்யூஷன் ரப்பர் ட்யூபுக்கு என்று செய்தது. இங்கே இருப்பதோ நைலான் துணி போர்த்திய நுரை. வேண்டியது நியோப்ரீன் என்றோ பாலிகுளோரோப்ரீன் என்றோ டப்பாவில் போட்டிருக்கும் கான்டாக்ட் பசை. அதன் வழக்கம் மற்றப் பசைகளுக்கு நேர் எதிரானது. ஈரமாக இருக்கும்போதே அழுத்தி ஒட்டினால் கெட்டது வேலை. இந்த நுரையின் குமிழ்கள் மூடியவை. இடையில் சிக்கிய கரைப்பான் ஆவியாக வழி இருக்காது. உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, இரண்டு விளிம்பிலும் மெல்லிசாக ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட வேண்டும். பிறகு இரண்டாவது பூச்சு. விரலால் தொட்டால் ஒட்டாமல், லேசாகப் பிசுபிசுக்கும் பதம் வந்ததும் விளிம்புகளைச் சரியாகப் பொருத்தி அழுத்த வேண்டும். சேர்ந்ததும் பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய இடம் தராது. பெங்களூரு மழை நாட்களில் இன்னொன்றைக் கவனியுங்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படியும். பசை பால்போல் மங்கலாகத் தெரியும். அந்த நிலையில் ஒட்டினால் பிடிப்பு நிற்காது. வெயில் வரும்வரை காத்திருப்பதே மேல்.

தைத்தால்தானே பலம் என்பது அடுத்த வாதம். பலம் நூலில் இருக்கலாம், நுரையில் இல்லை. இறுக்கித் தைத்த நூல், இழுபடும்போது நுரையைக் கத்திபோல் அறுக்கும். முதலில் ஒட்டிவிட்டு, அதன்மேல் துணிப் படலத்தை மட்டும் பிடித்து, ஊசி மறுபக்கம் வராமல் தளர்வாகத் தைத்தால் தையல் பசைக்குத் துணை நிற்கும். பசை இல்லாத தையல் வீண். தேய்ந்து மெலிந்த முழங்காலுக்கு யூரித்தேன் பசையை மெல்லிசாகத் தடவலாம். உலர்ந்த பிறகும் வளையும். நகம் பட்ட சின்னக் கீறல்களை அன்றே ஒட்டிவிட்டால் அவை வளராது.

ஜிப் அருகிலும் கழுத்துத் தையலிலும் நீளமாகப் பிரிந்தால் வீட்டில் கை வைக்க வேண்டாம். டைவ் மையத்தில் கொடுங்கள். டிரைசூட்டில் உண்மையாகவே தண்ணீர் புகக் கூடாது, இங்கே சொன்னது எதுவும் அதற்குப் பொருந்தாது. இன்னொன்று: இந்தப் பசைகளின் கரைப்பான் எளிதில் தீப்பற்றும், ஆவி தலைசுற்ற வைக்கும். சமையலறையில் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். பால்கனியோ மொட்டை மாடியோ போதும்.