மீண்டும் ஒலிக்கும் குரல்

நுழையும்முன்

திருகியவுடன் பேசும் கருவியன்று வால்வு வானொலி. உள்ளிருக்கும் கண்ணாடிக் குழல்கள் சூடேறும்வரை காத்திருந்தே அதன் குரலைக் கேட்க வேண்டும். பழுதுற்ற வால்வு வானொலியை மீட்டெடுப்பதற்கும் அதே பொறுமை வேண்டும். மீட்கும் முறையையும் அதன் பயனையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அலைகள் சுமந்த தமிழ்

1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம் தமிழகத்தில் ஒலிபரப்புக்கு வித்திட்டது. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சிராப்பள்ளியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் அமைந்தன. கடல்கடந்த குரல்களைக் கொணர்ந்தது சிற்றலையாகும். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இவ்வலைகள், வானின் அயனி மண்டலத்தால் திருப்பப்பட்டு நெடுந்தொலைவு செல்வன. ஆதலால், நாமக்கல் மாவட்டத்து மல்லசமுத்திரத்தில் கூரைமேல் கட்டிய ஒரு கம்பியும் இலண்டனிலிருந்து வந்த தமிழோசையை வாங்கித் தர வல்லதாயிற்று.

வால்வின் பணி

ஃபிளெமிங் 1904இல் இருமுனைய வால்வை உருவாக்கினார். லீ டி ஃபாரஸ்ட் 1906இல் அதனுள் மூன்றாம் மின்வாயாக வலை ஒன்றைச் சேர்த்தார். சூடேறிய எதிர்மின்வாயிலிருந்து தகட்டை நோக்கிப் பாயும் எலக்ட்ரான்களை இவ்வலை கட்டுப்படுத்துகிறது. மதகின் பலகையைச் சிறிதே உயர்த்தினாலும் வாய்க்காலில் பெருநீர் பாய்வதைப்போல, வலையில் நிகழும் சிறு மாற்றம் தகட்டு மின்னோட்டத்தில் பெருமாற்றமாகிறது. மெல்லிய அலை உரத்த ஒலியாவது இவ்வாறே.

மீட்டெடுக்கும் முறை

நெடுங்காலம் உறங்கிய வானொலியை உடனே மின்சாரத்தில் இணைத்தலாகாது. பழுதுற்ற வடிகட்டி மின்தேக்கிகள் மிகுந்த மின்னோட்டத்தை இழுத்து, கிடைத்தற்கரிய மின்மாற்றியை எரித்துவிடும். மெழுகிட்ட காகித மின்தேக்கிகளில் கசிவு ஏற்பட்டால் இறுதி வால்வின் வலைக்கு நேர்மின்னழுத்தம் சென்று அவ்வால்வும் கெடும். எனவே, இவற்றை முதலில் மாற்ற வேண்டும். பின்னர் மின்தடைகளை அளந்து, வால்வின் கால்களைத் துடைத்து, மின்விளக்கு ஒன்றைத் தொடராக இணைத்துச் சோதிப்பர். உள்ளே குறுக்குச்சுற்று இருப்பின் விளக்கு பளிச்சென எரியும், கருவி தப்பும்.

தகட்டில் 200 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கக்கூடும். இணைப்பைத் துண்டித்த பின்னரும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் எஞ்சும். பயிற்சியற்றோர் இக்கருவியைத் திறத்தல் உயிருக்கே ஊறாகும்.

மாற்றுவதும் காப்பதும்

மீட்டெடுத்தல் என்பது புதிதாக்குதல் அன்று. தேய்ந்த உறுப்பை மாற்றலாம், வரலாற்றை அழித்தலாகாது. தேர்ந்த கைவினைஞர் பழைய மின்தேக்கியின் உறைக்குள்ளேயே புதியதைப் பொருத்துவர். அலைவரிசைக் கண்ணாடியில் அச்சிட்ட நகரப் பெயர்களை ஈரத்துணியால் துடைக்கமாட்டார். ஒருமுறை அழிந்த எழுத்து மீளாது.

2017இல் தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நின்றது. சிற்றலையில் குரல்கள் குறைந்து வருகின்றன. அவ்வாறாயின், இம்மீட்பால் விளையும் பயன் யாது? வால்வு வானொலியில் ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் காணலாம், அளக்கலாம், மாற்றலாம். பழுதானதை எறியும் காலத்தில், பழுதின் காரணத்தைத் தேடும் அறிவை அது கற்பிக்கிறது. அவ்வறிவு கைமாறாமல் மறையுமானால், எஞ்சிய வானொலிகள் வெறும் மரப்பெட்டிகளே.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர் முதியோரிடம் அவர்கள் வானொலி கேட்ட அனுபவங்களைக் கேட்டறிந்து, கட்டுரையாக எழுதி வகுப்பறையில் படித்துக் காட்டுக.