மண்ணிலும் உடலிலும் செலினியம்

நெல்லுக்கும் மரக்கறிக்கும் வேண்டிய போசணை மூலகங்கள் எவையென வினவின், நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் என்பவற்றைக் கமக்காரர் உடனே கூறுவர். நாகம், போரன் முதலிய நுண்மூலகங்களை அறிந்தோரும் உளர். செலினியம் என்னும் பெயரைக் கேட்டோர் மிகச் சிலரே. அதற்குத் தக்க காரணமும் உண்டு. நெல், மிளகாய், கத்தரி போன்ற பயிர்களுக்கு அம்மூலகம் இன்றியமையாதது என்று இதுவரை நிறுவப்படவில்லை. அது குறைந்தமையால் இலை மஞ்சளாவதுமில்லை, விளைவு குன்றுவதுமில்லை. ஆயின் அப்பயிரை உண்ணும் ஆடு, மாடு, கோழி, மனிதர் ஆகிய யாவருக்கும் அது வேண்டும். வயல் பசுமையாக நிற்க, அதன் வைக்கோலையும் புல்லையும் உண்ட மாட்டின் கன்று நோயுறுதல் கூடும். கமக்காரர் முதற்கண் அறியவேண்டியது இதுவேயாகும்.

செலினியம் கந்தகத்தின் இனத்தைச் சேர்ந்தது. சுவீடன் தேசத்து இரசாயன அறிஞர் பேர்சீலியசு 1817ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தார். நெடுங்காலம் இது நஞ்சென்றே எண்ணப்பட்டது. அமெரிக்காவின் தென் தக்கோட்டாப் பகுதியில் கால்நடைகளின் மயிர் உதிர்ந்து குளம்பும் கழன்றதற்குத் தீவனத்திலிருந்த மிகையான செலினியமே காரணமென 1930ஆம் ஆண்டுகளில் தெளிவாயிற்று. பின்னர் 1957இல், மிகச் சிறிய அளவு செலினியம் எலிகளின் ஈரல் அழிவதைத் தடுக்கிறது என்று சுவாட்சு, போல்ற்சு என்னும் இருவர் காட்டினர். அன்று முதல் நஞ்சு எனப்பட்டதே போசணைப் பொருள் எனவும் கொள்ளப்பட்டது.

உடலினுள் இது செய்யும் தொழில் யாது? உண்ட உணவு கலங்களில் ஒட்சிசனுடன் சேர்ந்து சத்தியைத் தருகிறது. அடுப்பு எரியுமிடத்துப் பொறி பறத்தல் போல, இங்கும் ஐதரசன் பேரொட்சைட்டு முதலிய கேடு செய்யும் பொருள்கள் உண்டாகின்றன. இவற்றை அழிக்கும் நொதியங்களுள் ஒன்று குளுத்தாதயோன் பேரொட்சிடேசு. அதன் செயற்படும் இடத்தில் செலினியம் அமைந்துள்ளது என 1973இல் அறியப்பட்டது. அம்மூலகம் செலினோசிசுத்தீன் என்னும் அமினோ அமிலமாகப் புரதத்தில் கோக்கப்பட்டுள்ளது. மனித உடலில் இத்தகைய செலினியப் புரதங்களை ஆக்கும் பரம்பரையலகுகள் 25 உள. நெல் முதலிய உயர் தாவரங்களிலோ இப்புரதங்கள் இல்லை. அவற்றுக்குச் செலினியம் வேண்டாமைக்கு இதுவே விளக்கமாகும்.

இப்புரதங்கள் குறைந்தவிடத்து ஓயாது உழைக்கும் தசைகளே முதலிற் கெடும். கன்றும் ஆட்டுக்குட்டியும் விறைத்த நடையுடன் நிற்கும், எழ மாட்டா. இதயத் தசை தாக்கப்படின் திடீரென இறக்கும். இறந்த விலங்கின் தசை வெளிறியிருப்பதால் இது வெண்டசை நோய் எனப்படும். கோழிக்குஞ்சுகளில் மார்பின் தோலடியில் நீலப்பச்சை நீர் தேங்கும். கன்றீன்ற பசுவின் இளங்கொடி விழாது தங்குதற்கும் இக்குறைவு ஒரு காரணமாகும்; வேறு காரணங்களும் உண்டாதலின், அதனை மட்டும் கண்டு முடிவு செய்தல் தகாது. உயிர்ச்சத்து ஈ இந்நோய்களை ஓரளவு தடுக்கும். பசும்புல்லில் அது மிகுதி. காய்ந்த வைக்கோலில் மிகக் குறைவு.

தைரொயிட்டுச் சுரப்பியின் சுரப்பைச் செயற்படும் வடிவுக்கு மாற்றும் நொதியங்களும் செலினியப் புரதங்களே. ஆதலின் இது கண்டக்கழலையுடனும் தொடர்புடையது. இலங்கையில் 15 கிராமங்களின் மண், அரிசி, குடிநீர், பெண்களின் தலைமயிர் ஆகியவற்றைச் சோதித்த ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. கழலை மிகுந்த கிராமங்களில் 100 பெண்களுள் 40 பேரும், ஏனைய கிராமங்களில் 24 பேரும் செலினியக் குறைவுடையோராயிருத்தல் கூடும் என அது கூறிற்று. வியப்பு யாதெனில், கழலை மிகுந்த கிராமங்களின் மண்ணிலேதான் செலினியம் கூடுதலாக இருந்தது. களியும் சேதனப் பொருளும் அதனைப் பற்றிக்கொண்டு வேருக்குக் கொடாது தடுத்தனபோலும்.

மண்ணில் இருப்பது வேறு, பயிர் பெறுவது வேறு. காற்றோட்டமுள்ள காரமண்ணில் செலினியம் நீரிற் கரையும் செலினேற்று வடிவில் இருக்கும். கந்தகம் புகும் வழியாலேயே அது வேரினுட் புகும். அமில மண்ணில் இரும்பு ஒட்சைட்டு அதனை இறுகப் பற்றும். நீர் தேங்கிய வயலில் அது கரையாத வடிவுகளாக மாறும். கந்தகத்தை விரும்பும் கோவா, முள்ளங்கி, வெங்காயம், உள்ளி ஆகியன ஏனைய மரக்கறிகளிலும் கூடுதலாகச் செலினியத்தைச் சேர்த்துக்கொள்ளும்.

இரு முனைகளிலும் நேரும் தீங்குக்குச் சீன தேசமே சான்று. கேசான் பகுதியில் 1935இல் அறியப்பட்ட இதயநோய் சிறுவரையும் பிள்ளைபெறும் வயதுப் பெண்களையும் கொன்றது; பிற்காலத்தில் செலினைற்று மாத்திரை கொடுத்தபோது அது பெரிதும் தணிந்தது. என்சிப் பகுதியிலோ, 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வரட்சியால் நெல் பொய்க்க, செலினியம் மிகுந்த நிலத்துச் சோளத்தையும் மரக்கறியையுமே மக்கள் உண்டனர். அவர்களுக்கு மயிரும் நகமும் கழன்றன.

பின்லாந்து அரசு 1985 முதல் பசளையிலேயே செலினியத்தைக் கலக்கச் செய்தது. தானியப் பசளையில் ஒரு கிலோகிராமுக்கு 16 மில்லிகிராம் மட்டுமே இடப்பட்டது. 1990இல் அதுவும் குறைக்கப்பட்டது. தானியம், பால், இறைச்சி யாவற்றையும் ஆண்டுதோறும் சோதித்தே அளவு தீர்மானிக்கப்பட்டது. அத்தகைய சோதனையின்றிக் கமக்காரர் தாமாகச் செலினிய உப்பை வாங்கி வயலில் இடுதலோ தீவனத்திற் கலத்தலோ பேராபத்தாகும். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 55 மைக்கிரோகிராம் போதும். 400க்கு மேற்படின் தீங்கு. அதாவது ஒரு கிராம் செலினியம் ஒருவருக்கு நாற்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் போதியது.

வீட்டாருக்கு வேண்டியதைப் பெறும் எளிய வழி உணவே. கடல் மீன், நெத்தலிக் கருவாடு, முட்டை ஆகியவற்றிற் செலினியம் நன்கு உண்டு. சோறும் மரக்கறியும் மட்டும் உண்ணும் வீடுகளில் பருப்பு வகைகளைக் கூட்டுதல் நன்று. ஆலையிற் செய்த கோழித்தீனியில் பெரும்பாலும் இது கலந்திருக்கும். வீட்டில் கலக்கும் தவிட்டுத் தீனியில் அங்ஙனமன்று. விறைத்த நடையுடைய கன்றையோ குட்டியையோ கண்டால் தாமதியாது மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். செலினிய ஊசிமருந்தின் அளவு உடல் நிறைக்கேற்பவே கணிக்கப்படுவதால், கன்றின் வயதையும் நிறையையும் அறிந்து கூறுதல் அவருக்குப் பேருதவியாகும்.