சேர்த்தால் போதுமா? முடிக்க வைப்போம்!



பிளஸ் டூ முடிவு வந்ததும் நம் குழுக் கூட்டங்களில் உள்கடன் கேட்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். "காலேஜ்ல இடம் கெடச்சிருச்சு, பீஸ் கட்டணும்." நாமும் சந்தோஷமாகத் தீர்மானம் போட்டுக் கடன் கொடுக்கிறோம். மாதாமாதம் தவணை வருகிறதா என்று பார்க்கிறோம். ஆனால் அந்தப் பெண் கல்லூரிக்குப் போகிறாளா என்று பார்க்கிறோமா?

ஒரு கூட்டத்தில் இப்படிப் பேச்சு வருவதாக வைத்துக்கொள்வோம்.

"ஏங்க்கா, ஒங்க பொண்ணு இப்ப எத்தனாவது வருசம்?"

"அவ எங்க... மொத வருசத்தோட நின்னுட்டா. வெங்காயம் புடுங்க ஆள் இல்லன்னு பத்து நாள் நிறுத்தினேன். அப்புறம் ரெண்டு பாடத்துல அரியர் விழுந்துருச்சு. கூச்சப்பட்டுக்கிட்டுப் போகவே மாட்டேன்னுட்டா."

"அப்ப நம்ம கடன்?"

"அதான் கட்டி முடிச்சிட்டேனே!"

கடன் முடிந்தது. படிப்பு முடியவில்லை. குழு நோட்டில் இது நல்ல கடன். அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் இது நஷ்டம். இந்த மாதப் பாடம் இதைப் பற்றியதுதான்.

இரண்டு கணக்கு தெரிந்துகொள்வோம்

2021-22 மத்திய அரசு உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயதுள்ளோர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டில் 100-க்கு 47 பேர் என்ற அளவில் உயர்கல்வியில் இருந்தார்கள். இந்திய அளவில் இது 28.4. நமக்குப் பெருமைதான். ஆனால் இது சேர்ந்து படிப்பவர்களின் கணக்கு. முடித்தவர்களின் கணக்கு வேறு.

ஒரு சின்னக் கல்லூரியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒரு பாடப்பிரிவில் 40 பேர் சேர்ந்தார்கள். இரண்டாம் வருடம் வந்தவர்கள் 32 பேர். மூன்றாம் வருடக் கடைசித் தேர்வு எழுதியவர்கள் 25 பேர். அரியர் இல்லாமல் எல்லாத் தாளும் தேறியவர்கள் 20 பேர்.

முதல் கணக்கு: 40-க்கு 32 பேர் இரண்டாம் வருடம் தொடர்ந்தார்கள். தொடர்ந்தவர்கள் 80 சதவீதம்.

இரண்டாவது கணக்கு: சேர்ந்த 40 பேரில் 20 பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள். முடித்தவர்கள் 50 சதவீதம்.

ஆனால் நோட்டீசில் "தேர்ச்சி 80 சதவீதம்" என்றும் போடலாம். தேர்வு எழுதிய 25 பேரில் 20 பேர் தேறினார்களே! அதுவும் பொய் இல்லை. ஆனால் நடுவில் நின்றுபோன 15 பேர் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அதனால் கல்லூரியில் கேட்கும்போது, "எத்தனை பேர் பாஸ்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "மூணு வருசத்துக்கு முன்னாடி எத்தனை பேர் சேந்தாங்க, அதுல எத்தனை பேர் பட்டம் வாங்கினாங்க?" என்று கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சின்னக் கல்லூரியில் 20 பேர் சேர்ந்த வகுப்பில் ஒரு பெண் நின்றாலே 5 சதவீதம் குறையும். அதனால் ஒரு வருடக் கணக்கை வைத்து நல்லது கெட்டது சொல்லக்கூடாது. மூன்று நான்கு வருடக் கணக்கைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். நின்றவர்களில் சிலர் நர்சிங் போன்ற வேறு படிப்புக்கு மாறியும் இருக்கலாம்.

எங்கே வழுக்குகிறது?

படிப்பை விடுகிறவர்களில் நிறையப் பேர் முதல் வருடத்திலேயே விடுகிறார்கள். பெரும்பாலும் அறிவுக் குறைவு காரணம் இல்லை. சின்னச் சின்னக் காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன.

வருகைப் பதிவு: பொதுவாக 75 சதவீதம் வேண்டும். ஒரு செமஸ்டருக்கு 90 நாள் வகுப்பு என்றால் 68 நாள் போகவேண்டும். மீதி 22 நாள்தான். அறுவடைக்குப் பத்து நாள், உறவில் கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல் என்று போனால் அது தீர்ந்துவிடும்.

அரியர்: அரியர் இருந்தாலும் பெரும்பாலான கலைக் கல்லூரிகளில் அடுத்த வருடத்துக்குப் போகலாம். அதனால் வீட்டில் தெரிவதில்லை. மூன்று வருடம் போய்வந்தவள் எல்லாம் பட்டதாரி இல்லை. கடைசி அரியரை முடித்தால்தான் பட்டம்.

பயணம்: உப்பிலியபுரத்திலிருந்து துறையூருக்கோ முசிறிக்கோ போய்வர வேண்டும். பச்சமலை மேலிருந்து வரும் பிள்ளைக்கு ஒரு பஸ் தவறினால் அன்றைய வகுப்பே போய்விடும்.

கல்யாணப் பேச்சு: நல்ல இடம் வந்தால் "படிப்பு அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறோம். அந்த அப்புறம் பலருக்கு வருவதே இல்லை.

முடிக்க வைத்தவர்கள் செய்தது என்ன?

அமெரிக்காவில் நியூயார்க் நகரப் பொதுப் பல்கலைக்கழகம் தன் இரண்டு வருடக் கல்லூரிகளில் 2007-ல் ஒரு திட்டம் தொடங்கியது. கட்டணத்தில் விழும் துண்டு, பயண அட்டை, பாடப் புத்தகச் செலவு எல்லாம் கொடுத்தார்கள். அடிக்கடி சந்தித்துப் பேச ஒரு ஆலோசகரையும் வைத்தார்கள். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஆராய்ந்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று வருடத்துக்குள் படிப்பை முடித்தவர்கள், உதவி இல்லாதவர்களில் 100-க்கு 22 பேர். உதவி பெற்றவர்களில் 40 பேர்.

அதே நாட்டில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம், கொஞ்சம் பணம் குறைந்ததால் பெயர் நீக்கப்பட இருந்தவர்களுக்கு 2011 முதல் சிறு தொகை கொடுத்து நிறுத்திக்கொண்டது.

பஸ் காசு, புத்தகம், அவசரத்துக்குச் சிறு தொகை, "ஏம்மா வரல?" என்று கேட்க ஒரு ஆள். இதில் நம் குழுவால் முடியாதது எது?

அரசு உதவியைக் கைநழுவ விடாதீர்கள்

தமிழ்நாட்டில் திருமண உதவித் திட்டமாக இருந்ததை மாற்றி, 2022 செப்டம்பர் 5-ல் புதுமைப் பெண் திட்டம் தொடங்கப்பட்டது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரிப் படிப்பு முடியும்வரை மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும் திட்டம் இது. கல்யாணத்துக்கு வந்த பணம் படிப்புக்கு மாறியது பெரிய விஷயம். படிப்பை நிறுத்தினால் இந்தப் பணமும் நின்றுவிடும். இதுபோல ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைகளும் விடுதிகளும் உண்டு. சாதி, வருமானச் சான்றுகளைச் சேர்க்கைக்கு முன்பே வாங்கி வையுங்கள். இப்போதைய விதிகளையும் கடைசித் தேதியையும் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழு செய்யவேண்டியவை

1. கல்லூரி செல்லும் பிள்ளைகளுக்குத் தனி நோட்டு போடுங்கள். பெயர், சேர்ந்த வருடம், வருகை, அரியர், முடித்த வருடம் எழுதுங்கள்.

2. கல்விக் கடனை ஒரே தடவையில் முடிக்காமல், தேர்வுக் கட்டணத்துக்கும் பஸ் செலவுக்கும் சிறு அவசரக் கடன் ஒதுக்குங்கள்.

3. ஊரில் படித்து முடித்த ஒரு பெண்ணை முதல் வருடப் பிள்ளைகளுக்கு அக்காவாக இருக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பேசினாலே போதும்.

4. வகுப்பு நாளில் பிள்ளையை வயலுக்கு நிறுத்தவேண்டிய நிலை வந்தால், குழுவில் முறைவைத்து அந்த வீட்டுக்குக் கைமாற்று ஆள் கொடுங்கள்.

5. அரியர் விழுந்தால் திட்டாதீர்கள். அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டியாகிவிட்டதா என்று கேளுங்கள்.

கூட்டத்தில் பேசுவோம்

- கடந்த ஐந்து வருடத்தில் நம் குழு வீடுகளிலிருந்து எத்தனை பேர் கல்லூரியில் சேர்ந்தார்கள்? எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள்?
- நின்றவர்கள் எந்த மாதத்தில், எதனால் நின்றார்கள்?
- அவர்களில் யாரை இன்னும் அரியர் எழுத வைக்க முடியும்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயராவது கிடைக்கும். கூட்டம் முடிந்ததும் அந்த வீட்டுக்கு இரண்டு பேராகப் போய் வாருங்கள்.