காலதரும் கான்கிரீட் கூரையும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டார வீடுகளில் காற்றோட்டமும் வெப்பத் தணிப்பும்

சுவரில் அமையும் திறப்பைக் குறிக்கச் சாளரம், பலகணி, காலதர், சன்னல் எனப் பல சொற்கள் தமிழில் வழங்கி வந்துள்ளன. இவற்றுள் சன்னல் போர்த்துக்கீசிய மொழியின் வழி வந்தது. பலகணி என்பது பல கண்களை உடையது எனத் திறப்பின் தோற்றத்தைச் சுட்டுகிறது. காலதர் என்னும் சொல்லோ அதன் தொழிலைச் சொல்கிறது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஆங்கிலத்தில் சன்னலைக் குறிக்கும் சொல்லும் பழைய நார்வே மொழியில் 'காற்றின் கண்' என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்ததே. ஆயினும் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. கண் ஒன்றாகவே இருக்கலாம். வழி எனின் புகுவாயும் போவாயும் வேண்டும். ஒரே சுவரில் ஒரே திறப்புடைய அறைக்குச் சன்னல் உண்டு, காலதர் இல்லை எனலாம். இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு முடிவதன்று. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் கடந்த சில பத்தாண்டுகளில் நிகழ்ந்துள்ள கூரை மாற்றத்தை மதிப்பிடவும் இது துணைசெய்கிறது.

இலக்கியச் சான்றுகள்

காலதர் என்னும் சொல்லாட்சி சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் இடம்பெறுகிறது. மான் கண்ணின் வடிவில் அமைந்த காலதர்களையுடைய மாளிகைகள் அங்குப் பேசப்படுகின்றன. மனையறம்படுத்த காதை இன்னும் பயனுள்ள சான்றைத் தருகிறது. மாடத்தின் இடைநிலையில் இருக்கும் கோவலனும் கண்ணகியும், சாளரத்தின் சிறிய கண்கள் வழியே வண்டுகளோடு புகுந்த தென்றலை உணர்ந்த பின்னரே மேல்மாடத்துத் திறந்த நிலாமுற்றத்திற்கு ஏறுகின்றனர். உரைகள் இதனைக் காதற்குறிப்பாகவே விளக்கிச் செல்வது இயல்பு. கட்டடக்கலை நோக்கில், காற்றின் வருகைக்கேற்ப மக்கள் வீட்டிற்குள் இடம் மாறி வாழ்ந்தமைக்கும் இது சான்றாகிறது.

நெடுநல்வாடை இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. வேனிற்காலத்தில் தென்றலைத் தரும் நேர்முகத் திறப்புகளின் கதவுகள், வாடைக்காலத்தில் தாழிட்டு அடைபட்டுக் கிடக்கின்றன. வேனிலுக்கென ஒரு பள்ளி, கூதிருக்கென ஒரு பள்ளி எனப் பிரித்த செல்வர் மனை அது. எளியோர் குடிலுக்கு அந்த வாய்ப்பு இருந்திருக்க இயலாது. பெரும்பாணாற்றுப்படை காட்டும் எயினர் குடிசை ஈந்தின் இலையால் வேயப்பட்டு, முள்ளம்பன்றியின் முதுகுபோல் தோன்றுவது. அங்குச் சாளரத்தின் வேலையையும் ஓரளவு கூரையே செய்தது.

சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய நல்லியக்கோடனின் ஓய்மாநாடு இவ்வட்டாரமே. அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதியாக விளங்குகிறது.

வெயிலின் திசை

விழுப்புரமும் திண்டிவனமும் ஏறத்தாழ 12 பாகை வட அகலாங்கில் அமைந்தவை. எனவே ஏப்ரல் பிற்பகுதியில் நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அது முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் வெயில் வடபுறத்திலிருந்தே விழுகிறது. வடசுவர் எப்போதும் நிழலில் நிற்கும் என்னும் பொதுக்கருத்து, அக்கினி நட்சத்திர நாட்களில் இங்குப் பொருந்துவதில்லை. அக்காலத்தில் சுவர்களைக் காட்டிலும் கூரையே மிகுந்த வெயிலை ஏற்கிறது. ஆதலால் வெப்பத் தணிப்பு கூரையிலிருந்து தொடங்க வேண்டும்.

மரக்காணம் கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் காற்றின் ஈரப்பதம் மிகுதி. நீர் தெளித்தும் ஈரத்துணி கட்டியும் குளிர்விக்கும் முறை உள்நாட்டு வறண்ட ஊர்களில் பயன்படும் அளவுக்கு இங்குப் பயன்படாது. உடலின் மேல் காற்று ஓடினால்தான் வியர்வை உலரும். கடற்காற்று பிற்பகலில் கரையேறி, உள்நாட்டு ஊர்களுக்குக் காலந்தாழ்த்தியே வந்து சேர்கிறது. அது வீட்டினுள் புகுந்து வெளியேற வழியிருக்கிறதா என்பதே மாலைநேர வாழ்வைத் தீர்மானிக்கிறது.

கூரை மாற்றம்

பனையோலை, தென்னங்கீற்று, கரும்புத்தோகை ஆகியவற்றால் வேய்ந்த கூரைகள் வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை; தேக்கி வைப்பதுமில்லை. கதிரவன் மறைந்த சிறிது நேரத்தில் அவை குளிர்ந்துவிடும். கான்கிரீட் தளமோ பகலெல்லாம் வெப்பத்தை உண்டு, இரவில் அதனை அறைக்குள் உமிழ்கிறது. குடும்பம் உறங்கும் வேளையே அவ்வீட்டின் வெம்மை மிகுந்த வேளையாகிறது. திண்ணையிலும் மொட்டைமாடியிலும் பாய் விரிப்பது இதற்கு மக்கள் கண்ட விடை.

இதனைக் கொண்டு கூரைவீட்டைப் போற்றுவது பொருந்தாது. கூரைவீட்டில் ஒரு தீப்பொறி தெருவையே அழிக்கும். 2011ஆம் ஆண்டின் தானே புயலும் 2024ஆம் ஆண்டின் ஃபெஞ்சல் புயலும் இவ்வட்டாரக் கடற்கரையைத் தாக்கியவை. குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்க 2010இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டத்தை, பாதுகாப்போடு மதிப்பையும் வழங்கிய திட்டமாகவே ஏழை மக்கள் ஏற்றனர். அவ்வேற்பு நியாயமானது. குறை வேறிடத்தில் உள்ளது. கூரை மாறியபோது, அதன் மேலிருக்க வேண்டிய காப்பும் அதன் கீழிருக்க வேண்டிய காலதரும் உடன் வரவில்லை. தளத்தின்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதிக்கும் பழைய வழக்கம் செலவு கருதிக் கைவிடப்படும்போது, வெறுந்தளம் நேரே வெயிலுக்கு ஆளாகிறது.

கான்கிரீட்டின் மற்றொரு வழி

குறை கான்கிரீட்டைச் சார்ந்ததன்று என்பதற்குச் சான்று இரு நகரங்களுக்கும் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலேயே உள்ளது. புதுச்சேரியில் 1930களின் பிற்பகுதியில் தொடங்கி 1940களில் நிறைவெய்திய அரவிந்தர் ஆசிரம விடுதியாகிய கோல்கொண்டே, வலுவூட்டிய கான்கிரீட்டால் ஆனது. அன்டோனின் ரேமண்ட் வடிவமைக்க, ஜார்ஜ் நாகாஷிமா, பிரான்சுவா சாமர் ஆகியோர் கட்டுமானத்தில் பங்கேற்றனர். தெற்கு, வடக்கு ஆகிய இரு முகப்புகளிலும் கண்ணாடி சன்னலுக்கு மாற்றாக, விரும்பியபடி திருப்பத்தக்க படுக்கைப் பலகைகள் அடுக்கப்பட்டுள்ளன. அறைக்கும் தாழ்வாரத்திற்கும் இடையில் இடைவெளிவிட்ட தேக்குச் சட்டங்களாலான நகரும் கதவுகள் உள்ளன. கதவு மூடியிருப்பினும் காற்று ஒரு முகப்பில் புகுந்து மறுமுகப்பில் வெளியேறும். கிடைத்தளத்திற்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் இரண்டாம் கூரையாக நிற்கின்றன. இடையிலுள்ள காற்றிடைவெளி வெயிலைக் கீழே இறங்கவிடுவதில்லை. காலதர் என்னும் சொல்லின் முழுப்பொருளுக்கு இதைவிடத் தெளிவான உருவம் காண்பது அரிது.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் பரவியுள்ள ஆரோவில், கட்டும்போதே ஆற்றலைச் சேமிக்க முயன்றது. சுமார் 5 விழுக்காடு சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்யப்படும் மண்கற்களுக்குச் சூளை வேண்டுவதில்லை. இக்கற்களைக் கொண்டு அமைந்த ஆரோவில் பார்வையாளர் மையம், ஏழைகளுக்கான கட்டடக்கலைக்குரிய ஹசன் ஃபாத்தி விருதை 1992இல் பெற்றது.

கோல்கொண்டேயின் தச்சுநுட்பத்தைச் சிறு அரசுவீட்டில் எதிர்பார்க்க இயலாது. எனினும் அதன் இரு கூறுகள் பெருஞ்செலவு கோராதவை. தளத்தின்மேல் ஆண்டுதோறும் அடிக்கும் வெண்சுண்ணாம்பு, வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். வாசலுக்கு நேர் எதிர்ச்சுவரில் அமையும் ஒரு திறப்பு, காற்றுக்குப் போவாயாகும். அத்திறப்பு நெடுநல்வாடை காட்டுவதுபோல் கதவுடையதாக இருத்தல் இன்றியமையாதது. கூரையடியில் நிலையாகப் பதிக்கப்படும் சிமெண்ட் சாலிகளை மூட வழியில்லை. மார்கழிப் பனிக்கும் கொசுவுக்கும் அஞ்சி அட்டையும் பழந்துணியும் திணித்து அடைக்கப்படும் அவை, சித்திரையிலும் அடைபட்டபடியே இருந்துவிடுவது உண்டு.