கிற்றாரின் குதிரையும் தந்தியின் நழுவலும்

வீணையிலும் வயலினிலும் தந்திகளைத் தாங்கி நிற்கும் உறுப்பைக் குதிரை என்று வழங்குதல் நம்மவர் மரபு. மின்கிற்றாரிலும் இவ்வுறுப்பு உண்டு. தந்தியின் அதிரும் நீளத்தை ஒரு முனையில் வரையறுத்தல், தந்தி பக்கவாட்டில் விலகாது காத்தல் ஆகிய இரண்டும் அதன் கடமைகளாம். இரண்டாவது கடமையில் அது தவறுமாயின், தந்தியை விசையுடன் மீட்டும்போதும் விரலால் வளைக்கும்போதும் அது தன் இடத்தை விட்டு நழுவும், சுருதி கெடும், வாசிப்புத் தடைப்படும். இக்குறை கண்டவுடன் புதுக் குதிரை வாங்க விரைவோர் பலர். ஆயின், தந்தி ஏன் நழுவுகின்றது என்பதை அறியாது செய்யும் செலவு வீண்செலவாய் முடிதலும் கூடும்.

இதனை ஆராய்தற்கு ஏற்ற எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் பென்டர் நிறுவனத்தார் 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜாஸ்மாஸ்ரர் என்னும் கிற்றாராகும். ஜாஸ் இசைவாணரைக் கருதியே அஃது ஆக்கப்பட்டது. அக்காலத்து ஜாஸ் வாசிப்போர் பருத்த தந்திகளையே பெரிதும் விரும்பினர். பிற்காலத்தில் அக்கருவியை விரும்பி ஏற்றோர் றொக் இசைவாணர். அவர்கள் மெல்லிய தந்திகளைப் பூட்டி வன்மையாக மீட்டியபோது குறை வெளிப்பட்டது.

அக்குதிரையின்மேல் ஒவ்வொரு தந்திக்கும் ஓர் உருளை உண்டு. குதிரைமேல் இருப்பதால் அதனைச் சேணம் எனலாம். அச்சேணத்தில் ஆழமற்ற தவாளிப்புகள் பல, திருகாணியின் புரிபோல நெருங்கி அமைந்துள்ளன. தந்தியை வேண்டிய இடத்தில் வைக்க இஃது உதவும். ஆயின் ஒரு தவாளிப்பிலிருந்து மற்றொன்றுக்குத் தந்தி தாவுதலும் எளிதாகும். அன்றியும், தந்தியின் வால்முனை குதிரைக்கு வெகு தொலைவில் இருத்தலால், குதிரையைக் கடக்கும்போது தந்தி வளையும் கோணம் சிறிதாகின்றது.

இக்கோணத்தின் பயனைக் கணக்கினால் காண்போம். தந்தி சேணத்தை அழுத்தும் விசை, தந்தியின் இழுவையை அக்கோணத்தின் சைனாற் பெருக்கிய அளவினதாகும். 25.5 அங்குல நீளத்தில், 0.010 அங்குல விட்டமுள்ள முதல் தந்தியின் இழுவை ஏறக்குறைய 7.3 கிலோகிராம் நிறைக்குச் சமம். கோணம் 5 பாகையாயின் அழுத்தம் 0.64 கிலோகிராம், 10 பாகையாயின் 1.27 கிலோகிராம். கோணம் இருமடங்காக, அழுத்தமும் ஏறத்தாழ இருமடங்காகின்றது. இழுவையோ தந்தி விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமானது. ஆதலின் 0.012 அங்குலத் தந்தியைப் பூட்டினால், 5 பாகையிலேயே அழுத்தம் 0.92 கிலோகிராமாக உயரும். 1962இல் வந்த ஜாகுவார் கிற்றாரின் தந்தி நீளம் 24 அங்குலமே. அதே சுருதியில் இழுவை ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு குறைதலால், அதில் நழுவல் இன்னும் எளிதாம்.

எனவே முதற்கண் செய்யத்தக்கவை செலவு குறைந்தவை. சற்றுப் பருத்த தந்திகளைப் பூட்டிப் பார்க்கலாம். கழுத்து உடலோடு பொருந்தும் குழியில், குதிரைப் பக்கத்து ஓரத்தில் மெல்லிய தகடு ஒன்றை வைத்தால் கழுத்துச் சிறிது பின்சாயும். அதற்கு ஈடாகக் குதிரையை உயர்த்த நேரும். உயர்த்தவே கோணமும் பெருகும்.

இவற்றாலும் குறை தீராதாயின் குதிரையை மாற்றலாம். 1964இல் வெளிவந்த மஸ்ராங் கிற்றாரின் குதிரை ஜாஸ்மாஸ்ரரின் குழிகளில் அப்படியே பொருந்தும். அதன் சேணம் ஒவ்வொன்றிலும் ஆழமான ஒரே தவாளிப்பு உண்மையால் தந்தி எளிதில் விலகாது. எனினும் சேணங்களைத் தனித்தனியே உயர்த்தவோ தாழ்த்தவோ இயலாது. அவற்றின் வளைவு 7.25 அங்குல ஆரையுள்ள விரற்பலகைக்கே உரியது. கிப்சன் நிறுவனத்தார் 1954இல் வழக்கிற் கொணர்ந்த ரியூன்-ஓ-மற்றிக் குதிரையும் தந்தியை உறுதியாகப் பற்றும். ஆயின் அதன் வளைவு பெரும்பாலும் 12 அங்குல ஆரையை ஒட்டியது. தட்டையான அவ்வளைவு பழைய ஜாஸ்மாஸ்ரரின் விரற்பலகைக்கு ஒவ்வாது. ஓரத் தந்திகளின் உயரமும் நடுத்தந்திகளின் உயரமும் முரண்படும். மாஸ்ரரி என்னும் பிற்காலக் குதிரையில் மும்மூன்று தந்திகளைத் தாங்கும் இரு சேணங்களே உள, நழுவலைத் தடுப்பதில் அது வல்லது, விலையோ மிகுதி.

இன்னுமொன்று கருதத்தக்கது. ஜாஸ்மாஸ்ரரின் மூலக்குதிரை, சுருதியசைக்கும் கோலை இயக்கும்போது தந்திகளோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடுமாறு அமைந்தது. ஆடாத குதிரையைப் பூட்டினால் தந்தி சேணத்தின்மேல் உராய்ந்து நகர வேண்டும். உராய்வு மிகின் சுருதி பழைய நிலைக்கு மீளாது. ஆதலால் அக்கோலை மிகுதியாகப் பயன்படுத்துவோர் ஆடும் குதிரையையே தெரிதல் நன்று.

புதிதாகத் துளையிட வேண்டிய எந்தக் குதிரையையும் இறுதியாகவே எண்ணுதல் வேண்டும். தகட்டை எடுத்துவிடலாம், தந்தியை மாற்றிவிடலாம், பழைய கருவியில் இட்ட துளையை இல்லாததாக்க இயலாது. பெளதிக வகுப்பில் விசையின் கூறுகளைப் பயிலும் மாணவர், அப்பாடம் கரும்பலகையோடு முடிவதன்று என்பதை இச்சிறு உறுப்பிலும் காண்பாராக.