தந்தத்தில் தீட்டிய முகங்கள்

மண்ணூர்பேட்டை

அன்புள்ள தம்பி,

லண்டன் ஏலத்தில் ஜான் ஸ்மார்ட்டின் சிற்றோவியம் ஒன்றைக் கேட்கப்போவதாக எழுதியிருந்தாய். உன் ஆசை எனக்குப் புரிகிறது. 1785 முதல் 1795 வரை சென்னப்பட்டினத்தில் வாழ்ந்தவர் அவர். ஆற்காட்டு நவாப் வாலாஜாவையும் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்களையும் உள்ளங்கையில் அடங்கும் அளவில் தீட்டினார். இங்கே வரைந்தவற்றில் பெயரின் முதலெழுத்துகளோடும் ஆண்டோடும், இந்தியாவைக் குறிக்க 'ஐ' என்ற ஆங்கில எழுத்தையும் இட்டார். மெல்லிசாகச் சீவிய யானைத் தந்தத்தின்மேல் நீர்வண்ணம் படியும்போது முகத்தின் நிறம் உள்ளிருந்தே ஒளிர்வதுபோல் தெரியும். அந்தத் தந்தம்தான் தடை. அதை நீ வாங்காதே.

பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம், 1918க்கு முன் வரைந்த, 320 சதுர சென்டிமீட்டரைத் தாண்டாத உருவச் சிற்றோவியங்களைப் பதிவு செய்து விற்க அனுமதிக்கிறது. அந்தச் சலுகை அந்த நாட்டோடு சரி. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986, 1991 திருத்தங்கள் இந்தியத் தந்தம், இறக்குமதித் தந்தம் இரண்டின் வணிகத்தையும் மூடிவிட்டன. இருநூறு ஆண்டுக்கு முன் செத்த யானைக்கு இனி என்ன கேடு என்று நீ கேட்கலாம். தந்தத்தின் வயது கண்ணுக்குத் தெரியாது. கரிமக் கணிப்புக்கு ஒரு துணுக்கைச் சுரண்டியாக வேண்டும். பழைய தந்தத்துக்கு விலை இருக்கும்வரை புதியதும் பழையதாக வேடமிட்டு வரும். பியானோக் கட்டைத் தந்தத்தைப் படச்சட்டமாகப் பொருத்தி, பெரிய ஓவியர் பெயரைப் பொய்யாக எழுதிய பிற்கால நகல்களும் ஏலத்தில் ஏராளம்.

நம் ஊர் நவாபின் முகம் நம்மிடம் திரும்பி வர வேண்டாமா என்பது இதைவிட வலுவான கேள்வி. வேண்டும்தான். ஆனால் அதைச் சட்டத்தை மீறி ஒருவரின் அலமாரிக்குள் கொண்டுவருவதால் ஊருக்கு என்ன கிடைக்கும்? அந்தப் பணத்தை வைத்து 19ஆம் நூற்றாண்டுத் திருச்சி காக்காப்பொன் (மைக்கா) ஓவியங்களைத் தேடு. பலவகைத் தொழில் செய்வோரும் அவரவர் மனைவியரும் கண்ணாடிபோன்ற ஏட்டில் நிற்பார்கள். சில தொகுதிகளில் முகம் ஓர் அட்டையில் மட்டும் இருக்கும். முகமில்லாத உடை ஏடுகளை அதன்மேல் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். வெள்ளைக்காரர் ஊருக்கு எடுத்துப்போக வாங்கிய மலிவுச் சரக்கு என்று இவற்றை ஒதுக்கியது பெரிய அநியாயம். நம் ஓவியர் கையின் சான்று இவை. பொறுமையாகப் படிக்கும் சேகரிப்பாளர்தான் இவற்றுக்குத் தேவை. உரிமம் பெற்ற வணிகரிடம் ரசீதோடு வாங்கு. நூறாண்டு கடந்ததை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். ஈரத் துணியால் துடைக்காதே, வண்ணம் கழன்றுவிடும். ஏடு அடுக்கடுக்காக உரியும், விளிம்பைப் பிடித்துத் தூக்காமல் அட்டையோடு எடு.

அன்புடன்,
பெரியப்பா