அரை டன் பிக்கப்பில் ஃபிஃப்த் வீல் டிரெய்லர்

அமெரிக்காவிலும் கனடாவிலும் விடுமுறைப் பயணத்துக்கு இழுத்துச் செல்லப்படும் வீட்டு வண்டிகளில் பெரும்பாலானவை பிக்கப்பின் பின் பம்பருக்குக் கீழே உள்ள உருண்டையில் மாட்டப்படுகின்றன. ஃபிஃப்த் வீல் டிரெய்லர் அப்படியல்ல. அதன் மூக்கிலிருந்து தொங்கும் இரண்டு அங்குலத் தடிமனுள்ள கிங் பின், பிக்கப்பின் தொட்டிக்குள் பொருத்திய ஹிட்ச் என்னும் இணைப்புக் கருவியின் தட்டில் வந்து அமர்ந்து பூட்டிக்கொள்ளும். சென்னைத் துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகளில் இருப்பதும் இதே வகை இணைப்புதான். பளு பின் அச்சின் மேலேயே இறங்குவதால் காற்றிலும் லாரிகள் கடக்கும்போதும் டிரெய்லர் வாலாட்டுவது குறைவு. அதற்கு ஈடாகப் பிக்கப் சுமக்க வேண்டிய பளு கூடுகிறது. உருண்டையில் மாட்டும் டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தைப் பிக்கப்பின் மேல் வைக்கும்; ஃபிஃப்த் வீல் 15 முதல் 25 சதவீதம் வரை வைக்கும். ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ 1500, ராம் 1500, டொயோட்டா டன்ட்ரா போன்ற, அரை டன் என்று வகைப்படுத்தப்படும் வண்டிகளுக்கு இந்த வேறுபாடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

முதலில் கணக்கு

விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் இழுதிறனை ஓரமாக வைத்துவிட வேண்டும். ஜே2807 என்ற பொறியியல் தரப்படி அந்த எண்ணைக் கணக்கிடும்போது, வண்டியில் தலா 150 பவுண்டு எடையுள்ள இரண்டு பேர் மட்டுமே இருப்பதாகக் கொள்கிறார்கள். குழந்தைகள், நாய், கருவிப்பெட்டி எதுவும் அதில் சேராது.

உண்மையான எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் வெள்ளைச் சீட்டில் இருக்கிறது. ஆட்களும் சரக்கும் சேர்ந்து எவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று அது சொல்லும். இதுவே பேலோடு. ஒரே மாடலின் இரண்டு வண்டிகளுக்கிடையே கூட இது பல நூறு பவுண்டு வேறுபடும். நான்கு சக்கர இயக்கம், கண்ணாடிக் கூரை, சொகுசு இருக்கைகள் எல்லாம் பேலோடிலிருந்துதான் கழிகின்றன. ஆகவே கையேட்டையோ விற்பனையாளரின் வாய்ச்சொல்லையோ நம்பாமல், வாங்கப்போகும் வண்டியின் சீட்டையே படிக்க வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு: சீட்டில் 1,800 பவுண்டு, அதாவது சுமார் 816 கிலோ, என்று இருப்பதாகக் கொள்ளலாம். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 550, ஹிட்சுக்கு 150, வண்டிக்குள் வைக்கும் சாமான்களுக்கு 100. மீதம் 1,000. கிங் பின் மேல் 20 சதவீதம் இறங்கும் என்றால், எல்லாம் ஏற்றிய நிலையில் டிரெய்லர் 5,000 பவுண்டைத் தாண்டக்கூடாது. விளம்பரத்தில் 11,000 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருந்தாலும் இந்த வண்டி 5,000-இலேயே நின்றுவிடுகிறது. அவ்வளவு இலேசான ஃபிஃப்த் வீல்கள் சந்தையில் மிகச் சில. இருவர் மட்டும் போவதாக இருந்தால் கணக்கு சற்று தளரும். நால்வர் என்றால் கூடுதல் பேலோடு உள்ள பிக்கப்பையோ அடுத்த பெரிய வகையான முக்கால் டன் வண்டியையோ தேடுவதுதான் நேர்மையான விடை. ‘அரை டன் வண்டிக்கு ஏற்றது’ என்று டிரெய்லரின் பக்கவாட்டில் ஒட்டியிருப்பது தயாரிப்பாளர் தாமே சூட்டிக்கொண்ட பட்டம். அதை நம்பிக் கையெழுத்துப் போடக்கூடாது.

டிரெய்லரின் வெற்று எடையும் ஏமாற்றும். தண்ணீர், பாத்திரம், துணிமணி, உணவு எதுவும் அதில் இல்லை. தண்ணீர் மட்டுமே ஒரு அமெரிக்க கேலனுக்கு 8.3 பவுண்டு; 40 கேலன் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டு ஏறிவிடும். பேட்டரி, எரிவாயு உருளை, பெரிய சாமான் அறை ஆகியவை பெரும்பாலும் மூக்குப் பக்கமே இருப்பதால் கிங் பின் எடையும் கையேட்டில் உள்ளதைவிடக் கூடும். எனவே டிரெய்லருக்கு அனுமதித்த உச்ச எடையை வைத்தே கணக்குப் போடுவது பாதுகாப்பு. பின்புறம் தாழாமலிருக்கக் காற்றுப்பை பொருத்திக்கொள்வோர் உண்டு. வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவே. அச்சும் டயரும் பிரேக்கும் பழையவைதான் என்பதால் பேலோடு ஒரு பவுண்டும் கூடாது.

ஹிட்ச்

ஹிட்சைத் தாங்கும் இரும்புப் பட்டைகளைத் தொட்டியின் தகட்டில் மட்டும் திருகினால் போதாது. தகட்டை ஊடுருவி அடிச்சட்டத்தோடு இணைக்க வேண்டும். அந்தந்த மாடலுக்கென்று செய்த தாங்கிகள் கிடைக்கின்றன.

அடுத்தது தொட்டியின் நீளம். எட்டடி அகல டிரெய்லரின் பாதி அகலம் நான்கடி. கிங் பின்னிலிருந்து ஓட்டுநர் அறையின் பின்சுவர் வரை அதைவிடக் குறைவாக இருந்தால், இறுக்கமாகத் திரும்பும்போது டிரெய்லரின் மூலை பின்கண்ணாடியை உடைத்துவிடும். நான்கு கதவு அரை டன் வண்டிகளில் பரவலாக உள்ள ஐந்தரை அடித் தொட்டியில் இந்த ஆபத்து நிச்சயம். மெதுவாகத் திருப்பும் இடங்களில் பின்னோக்கி நகரும் சறுக்கு ஹிட்ச் இதற்குத் தீர்வு. ஆனால் அது சாதா ஹிட்சைவிடக் கனமானது. அந்தக் கனமும் பேலோடிலிருந்தே போகும்.

டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும். அதோடு தொட்டியின் பக்கச்சுவருக்கும் டிரெய்லரின் அடிப்பகுதிக்கும் இடையே ஆறு அங்குலமாவது இடைவெளி வேண்டும். இல்லையெனில் மேடுபள்ளத்தில் இரண்டும் உரசும்.

மாட்டுதல்

சமதளத்தில், டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். தொட்டியின் பின்கதவை இறக்கி, ஹிட்சின் தாடையைத் திறந்து வைக்க வேண்டும். டிரெய்லரின் முன்கால்களை ஏற்றியோ இறக்கியோ, கிங் பின்னைச் சுற்றியுள்ள தட்டு ஹிட்சின் தட்டைவிட அரை அங்குலம் தாழ்வாக இருக்கும்படி செய்ய வேண்டும். பிக்கப் பின்னோக்கி வரும்போது அந்தத் தட்டு ஹிட்சின் சரிவில் ஏறி அமர்ந்து, கிங் பின் முழு ஆழத்துக்குத் தாடைக்குள் புகும். டிரெய்லர் உயரமாக இருந்தால் பின்னின் நுனி மட்டுமே பிடிபடும். பார்வைக்குப் பூட்டியதுபோலத் தெரிந்தாலும் முதல் குலுக்கலில் கழன்றுவிடும். இந்த வேலையில் மிக மோசமான தவறு இதுதான். எனவே டார்ச் அடித்து, இரண்டு தட்டுகளுக்கிடையே வெளிச்சம் தெரியவில்லை என்பதையும், தாடை பின்னைச் சுற்றி மூடியிருப்பதையும் கண்ணால் பார்க்க வேண்டும்.

பிறகு ஹிட்சின் கைப்பிடியில் பூட்டு ஊசியைச் செருகி, ஏழு முனை மின்கம்பியை இணைக்க வேண்டும். டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானே பிடிக்கவைக்கும் அவசரக் கம்பியை ஹிட்சில் மாட்டக்கூடாது. ஹிட்சே பெயர்ந்து போனால் கம்பி இழுபடாது. பிக்கப்பின் உடலில்தான் மாட்ட வேண்டும். முன்கால்கள் தரையைத் தொட்டபடி இருக்க, டிரெய்லர் பிரேக்கைக் கையால் அழுத்திக்கொண்டு பிக்கப்பை மெல்ல முன்னே இழுத்துப் பார்க்க வேண்டும். இணைப்பு அசையாவிட்டால் கால்களை முழுக்கத் தூக்கி, பின்கதவை மூடி, விளக்குகளைச் சோதித்து, கடைசியாகக் கட்டைகளை எடுக்கலாம்.

எடை மேடையில்

முதல் நீண்ட பயணத்துக்கு முன், நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள எடை மேடையில் இரண்டு முறை நிறுத்த வேண்டும்: ஆட்களோடும் ஹிட்சோடும் பிக்கப் மட்டும் ஒருமுறை, டிரெய்லரோடு ஒருமுறை. இரண்டாம் முறை பிக்கப்பின் இரு அச்சுகளில் விழும் எடையிலிருந்து முதல் எடையைக் கழித்தால் வருவதே மெய்யான கிங் பின் எடை. பின் அச்சில் விழும் எடையைக் கதவுத்தூணில் உள்ள அச்சு வரம்போடும், டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட சுமையளவோடும் ஒப்பிட வேண்டும். வரம்பு மீறினால் சாமானைக் குறைக்க வேண்டும். அதுவும் போதாவிட்டால் டிரெய்லரை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

சாலையில்

ஆளில்லாத சமதளத்தில் மணிக்கு 25 மைல் வேகத்தில் டிரெய்லர் பிரேக்கை மட்டும் அழுத்திப் பார்த்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் வண்டியின் வேகம் உறுதியாகக் குறையும் அளவுக்கு டிரெய்லர் பிரேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சரிசெய்ய வேண்டும். திருப்பங்களில் இந்த வகை டிரெய்லர் உள்பக்கமாக நன்றாக வெட்டிக்கொண்டு வரும். ஆகவே முனையைத் தாண்டிப் போய்த் திரும்புவது அவசியம். பல டிரெய்லர் டயர்கள் மணிக்கு 65 மைலுக்கு மேல் தாங்காது. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்குச் சட்ட வரம்பே 55 மைல்தான்.

உயரத்தை மீட்டர் நாடாவால் அளந்து, கண்ணெதிரே ஒட்டி வைக்க வேண்டும். ஃபிஃப்த் வீல்களில் பல 12 அடியைத் தாண்டும். வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் லாரிக் கூரைகளைச் சுரண்டிப் பெயர்பெற்ற ரயில் பாலத்தை 2019-இல் உயர்த்திய பிறகும் அதன் இடைவெளி 12 அடி 4 அங்குலம்தான்.

மலையில் டர்போ இல்லாத எஞ்சின், ஆயிரம் அடி ஏறும்தோறும் தன் வலிமையில் சுமார் மூன்று சதவீதத்தை இழக்கும். கொலராடோவில் ஐ-70 சாலை 11,000 அடிக்கு மேல் ஏறி ஐசனோவர் சுரங்கத்தைக் கடக்குமிடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஏற்றத்தைவிட இறக்கமே அபாயம். சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து எஞ்சினைப் பிடித்துக்கொள்ளவிட வேண்டும். பிரேக்கை விடாமல் மிதித்தால் அது சூடேறித் தளர்ந்துவிடும்; அழுத்தமாகச் சிறிது நேரம் மிதித்து, விட்டு, ஆறவிடுவதே முறை.

கழற்றுதல்

கட்டை கொடுத்தல் முதல் வேலை. பின்கதவை இறக்கி, முன்கால்கள் பளுவைத் தாங்கும் வரை இறக்கி, மின்கம்பியையும் அவசரக் கம்பியையும் எடுக்க வேண்டும். கால்களை மறந்து கைப்பிடியை இழுத்துவிட்டால் டிரெய்லரின் மூக்கு தொட்டியின் பக்கச்சுவரின் மேல் விழுந்து நசுக்கும். தாடையைத் திறந்தபின் சில அங்குலம் மட்டும் முன்னே நகர்த்தி நிறுத்தி இறங்கிப் பார்ப்பது நல்ல பழக்கம்: கால்கள் மண்ணில் புதையாமல் நிற்கின்றனவா, கம்பி ஏதும் மாட்டியிருக்கிறதா என்று பார்த்தபின் பிக்கப்பை வெளியே எடுக்கலாம்.